முதலாளி காலுக்குப் போட்ட சார்ட்

ஊசி குத்திச் சரியாக இருபத்தைந்து மணி நேரம் ஆனபோது முத்துப்பேச்சி அந்தக் கம்பெனியில் முதன்முதலாக வாயைத் திறந்து பேசினாள். அதற்கு முந்தைய எட்டு மாதத்தில் அவள் பேசியது மொத்தமே நான்கு சொற்கள்தான் என்று, தைத்த உடுப்பில் குறை பார்க்கும் செக்கிங் டேபிளில் சொல்வார்கள்: ஆமா, இல்ல, ஓட்டை, கறை.

முதலிபாளையம் தொழிற்பேட்டையில் சாமியப்பனுடையது பச்சைக் குழந்தைகளுக்கு உடுப்புத் தைக்கும் கம்பெனி. குழந்தை உடுப்பு என்பதால் ஊசி விஷயத்தில் அங்கே கோயில் கருவறை மாதிரி கட்டுப்பாடு. மெஷினில் ஊசி உடைந்தால் அந்த லைன் நின்றுவிடும். உடைந்த துண்டுகளைக் காந்தம் வைத்துத் தேடி எடுத்து, பொருத்திப் பார்த்து, முழு ஊசி ஆகிவிட்டது என்று தெரிந்ததும் ஒரு நோட்டில் டேப் போட்டு ஒட்டி, கிடைத்த இடத்தை எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அடுத்த ஊசி கொடுப்பார்கள்.

திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு ஓர் ஓவர்லாக் மெஷின் ஊசி மூன்றாக உடைந்தது. இரண்டு துண்டு கிடைத்தது. மூன்றாவதைப் பத்துப் பேர் தரையில் தவழ்ந்து தேடிக்கொண்டிருந்தபோது சாமியப்பனின் வலது குதிகால் கண்டுபிடித்தது. தொழில் நடக்கிற தரையில் அவர் செருப்புப் போட மாட்டார். தறி ஓட்டிய நாளிலிருந்தே அப்படித்தான்.

புரொடக்‌ஷன் மேனேஜர் மகுடேஸ்வரன் துண்டைப் பிடுங்கி, துடைத்து, நோட்டில் ஒட்டினார். கிடைத்த இடம் என்ற கட்டத்தில் ‘முதலாளி, வலது கால்’ என்று எழுதினார். பிறகும் ஒரு சந்தேகம் வந்து, உடுப்பில் ஊசி இருக்கிறதா என்று பார்க்கும் மெஷினுக்குள் முதலாளியின் காலை நீட்டச் சொன்னார். மெஷின் சத்தம் போடவில்லை. பாஸான பெட்டிக்கு ஒட்டுகிற பச்சை ஸ்டிக்கரைக் கணுக்காலில் ஒட்டிவிட்டார்கள். சாமியப்பன் அந்த ஸ்டிக்கரோடு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தார்.

செவ்வாய்க்கிழமை காலை ஸ்டிக்கரைச் சுற்றிக் கால் சிவந்து வீங்கியிருந்தது.

“ஏப்பா மகுடேசு, பாஸான காலு எதுக்கு வீங்குது?”

“ஊசி இல்லீங்க. மெஷின் பொய் சொல்லாதுங்க.”

“அப்ப வேற என்னமோ உள்ள போயிருக்குது.”

“செக்கிங்ல ஒரு புள்ள மைக்ரோபயாலஜி படிச்சிருக்குதுங்க. சங்கரன்கோயில் பக்கம். கேட்டுப் பார்க்கலாமுங்க. ஆனா பேசாதுங்க.”

“பேசாட்டி எழுதிக் காட்டட்டும். கூப்புடு.”

முத்துப்பேச்சி வந்தாள். காலைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தரையைப் பார்த்தபடி, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற மாதிரி, நிறுத்தாமல் கால் மணி நேரம் பேசினாள்.

ஊசியோடு பாக்டீரியா உள்ளே போயிருக்கிறது என்றாள். காவலுக்கு நிற்கிற செல்கள் முதலில் அதை விழுங்கப் பார்க்கும். அந்தச் சண்டைதான் இந்தச் சிவப்பு, இந்தச் சூடு. அதற்குள் இன்னொரு வகைச் செல், பிடிபட்ட பாக்டீரியாவைப் பொடிப்பொடியாக நறுக்கி, ஒரு துண்டை மட்டும் வெளியே தெரிகிற மாதிரி ஏந்திக்கொண்டு, தொடை இடுக்கில் நெறி கட்டுகிறதே, அந்த நிணநீர்க் கணுவுக்குப் போகும். அங்கே டி செல்கள் லட்சக்கணக்கில் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஏதோ ஒரு துண்டைத்தான் அடையாளம் தெரியும். முழு பாக்டீரியாவே எதிரே வந்து நின்றாலும் தெரியாது. நறுக்கிய துண்டை இன்னொரு செல் ஏந்திக் காட்டினால்தான் தெரியும். காட்டிக்கொண்டே போகப் போக எங்கேயோ ஒன்று, இது எனக்குத் தெரியும் என்று நின்றுவிடும். அப்போதும் உடனே கிளம்பாது. காட்டிய செல், ஆமாம் இது ஆபத்துதான் என்று இரண்டாவதாக ஒரு சம்மதம் தர வேண்டும். தராவிட்டால் அந்த டி செல் ஓய்ந்துபோய் உட்கார்ந்துவிடும். தந்தால் ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, ஆயிரமாகப் பெருகி, ரத்தத்தில் ஏறிப் புண்ணுக்கு வரும். விழுங்குகிற செல்களை முடுக்கிவிடும். சில கணுவிலேயே தங்கி, எதிர்ப்பொருள் தயாரிக்கிற செல்களுக்கு ஒத்தாசை செய்யும். எல்லாம் முடிந்த பிறகு கொஞ்சம் மட்டும் சாகாமல் வருடக்கணக்கில் ஞாபகம் வைத்திருக்கும்.

“இதுக்கெல்லாம் அஞ்சாறு நாள், ஒரு வாரங்கூட ஆகும் சார்” என்றாள். “ஆனா…” என்றாள்.

டீ பெல் அடித்தது.

பெல் அடித்தால் மெஷின் நிற்கும், ஆள் எழுந்திருக்கும், பேச்சு அறுந்துவிடும். முத்துப்பேச்சி மீதி ஒரு வாக்கியத்தை விழுங்கினாள். அது அவளுக்குப் புதிதில்லை. ஏழு வருடமாக அதை விழுங்கிக்கொண்டுதான் இருந்தாள்.

சாமியப்பன் டீயைத் தொடவில்லை. அவர் முகம், முருகனுக்குப் பாலாபிஷேகம் பார்க்கிற முகமாக இருந்தது.

“மகுடேசு, கேட்டியா? துணில ஒரு பிட்டு நறுக்கிக் கொண்டுபோய்க் காட்டறான் ஒருத்தன். அவன் மெர்ச்சண்டைசர், பையர்கிட்ட சாம்பிள் காட்டறவன்.”

“ஆமாங்க.”

“தொடை இடுக்கு, பையரோட ஆளுக உக்காந்திருக்கற பையிங் ஆபீஸ். ஆயிரம் பேருகிட்ட காட்டி, ஒருத்தன் சரிங்கறான். அப்பறமும் ரெண்டாவது அப்ரூவல் வராம மொத்தமாத் தைக்கற பல்க் ஓட்டறதில்ல.”

“சரியா நம்ம சிஸ்டமுங்க.”

“கடைசில ஞாபகம் வெச்சுக்கறானாமே, அது?”

மகுடேஸ்வரன் யோசித்தார். “ரிப்பீட் ஆர்டருங்க.”

“ரிப்பீட் ஆர்டர்!” சாமியப்பன் தொடையில் தட்டினார். வலித்தது. அதுவும் அவருக்குச் சந்தோஷமாக இருந்தது.

மத்தியானம் சாப்பாட்டுக் கேரியரோடு வந்த அவர் மனைவி சித்ராதேவி காலைப் பார்த்ததும் கேரியரைக் கீழே வைத்துவிட்டுக் கார் சாவியைக் கேட்டார்.

“எதுக்கு?”

“ஆஸ்பத்திரிக்குங்க. ஒரு ஊசி போட்டு மாத்திரை குடுப்பாங்க.”

“நிட்டிங், கட்டிங், பேக்கிங் எல்லாம் என்ர கம்பெனிக்குள்ளயே நடக்குது. ஒரு பட்டன் கட்டக்கூட நான் வெளிய தாட்டி உட்டதில்ல. என்ர ஒடம்புக்குள்ள அத்தனை டிபார்ட்மெண்டும் ஓடிட்டிருக்கறப்ப, மாத்திரைக்காரனுக்கு ஜாப் ஒர்க் குடுக்கச் சொல்றியா?”

சித்ராதேவி கணவனோடு வாதாடிப் பழகியவர் இல்லை. கட்டிங் மாஸ்டரிடம் ஒரு மார்க்கர் பேனா வாங்கி, சிவப்பு எங்கே முடிகிறதோ அந்த ஓரம் முழுக்கக் கோடு போட்டார். இதைத் தாண்டினால் பார்த்துக்கொள்கிறேன் என்று மட்டும் சொன்னார். மகுடேஸ்வரன் வீக்கத்தை டேப்பால் அளந்து, குழந்தை உடுப்பு அளவு அட்டையோடு ஒப்பிட்டார்.

“நியூபார்ன் சைஸுங்க” என்றார்.

அன்று சாயங்காலத்துக்குள் சார்ட் தயாராகிவிட்டது. எந்த ஆர்டர் வந்தாலும் எந்த வேலை எந்தத் தேதியில் முடிய வேண்டும் என்று கட்டம் போட்டுச் சுவரில் ஒட்டுவது அங்கே வழக்கம். முடிந்த வேலைக்குப் பச்சை, தாமதத்துக்குச் சிவப்பு. மகுடேஸ்வரன் அதே மாதிரி போட்டிருந்தார். செவ்வாய்: பிட் கட்டிங். புதன்: தொடை இடுக்கில் காட்டுதல், முதல் அப்ரூவல். வியாழன்: இரண்டாவது அப்ரூவல். வெள்ளி: பல்க். திங்கள்: காலுக்கு டெஸ்பாட்ச். பையர் பெயர் என்ற இடத்தில் ‘முதலாளி’ என்றும், ஸ்டைல் நம்பர் என்ற இடத்தில் ‘வலது’ என்றும் இருந்தது.

புதன்கிழமை காலை முத்துப்பேச்சிக்கு ஒரு நாற்காலி கொடுத்தார்கள். சக்கரம் வைத்த நாற்காலி. ஆபீஸ் அறையில், ஏசிக்கு நேர் கீழே. மேசையில் ‘டி செல் ஃபாலோ-அப்’ என்று ஒரு பலகை. எட்டு மாதம் நின்றே வேலை பார்த்த கால்கள், உட்கார்ந்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் தொங்கின.

செக்கிங் டேபிளிலிருந்து நாகஜோதி கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். “ஏ பேச்சி, சேர்ல உக்காந்ததும் சேக்காளிய மறந்துறாதடி. அந்த டி செல்லுல எனக்கும் ஒரு வேலை இருந்தாப் போட்டுக் குடு. நிக்க முடியல.”

முத்துப்பேச்சி சிரித்தாள். வெட்கமாக இருந்தது. அதைவிட, கொஞ்சம் பிடித்திருந்தது. ஒன்பது மணி மீட்டிங்கில் நான்கு ஆண்கள் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து அவள் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

“சொல்லு கண்ணு” என்றார் சாமியப்பன். “முதல் அப்ரூவல் வந்துருச்சா?”

“தெரியாது சார்.”

“ரிமைண்டர் போட்டியா?”

மகுடேஸ்வரனே ஒரு ரிமைண்டர் எழுதினார். ‘நாங்கள் அனுப்பிய துண்டு தங்களுக்குக் கிடைத்திருக்கும். பல்க் தாமதமாவதால் தயவுசெய்து இன்றே ஒப்புதல் தரவும்.’ அனுப்ப விலாசம் இல்லாததால், மரியாதையான தூரத்தில் நின்று முதலாளியின் இடுப்புக்கு நேராக அதை இரண்டு முறை உரக்க வாசித்தார். சாமியப்பன் கண்ணை மூடிக் கேட்டார்.

“கேட்டுருச்சு. விண்ணுவிண்ணுனு தெறிக்குது” என்றார்.

புதன்கிழமை மத்தியானம் சிவப்பு சித்ராதேவியின் கோட்டைத் தாண்டியிருந்தது. அவர் இன்னொரு கோடு போட்டார். மூன்று மாதக் குழந்தை சைஸ்.

அப்போது முத்துப்பேச்சி, பக்கத்தில் இருக்கிறவருக்கே கேட்காத குரலில், “சார், டாக்டரைப் பார்த்தா நல்லது” என்றாள்.

சாமியப்பன் சார்ட்டைப் பார்த்தார். “அது எந்தக் கட்டத்துல வருது?”

“கட்டத்துல இல்ல சார்.”

“நீ சொன்னதத்தான கண்ணு கட்டமாப் போட்டிருக்குது. இப்ப என்ன புதுசா?”

அவள் வாயைத் திறந்தாள். அந்த வாக்கியத்தை மறுபடி விழுங்கினாள். “ஒண்ணுமில்ல சார்” என்றாள்.

வியாழக்கிழமை சாமியப்பனுக்குக் காய்ச்சல். பாய்லர் ஏற்றியாகிவிட்டது என்றார். வீக்கம் முழங்காலுக்குக் கீழே வந்திருந்தது. ஆள் வந்து இறங்குகிறது என்றார், பஸ்ஸில் புது ஆட்கள் வந்து இறங்குவதைச் சொல்கிற அதே பெருமையோடு. மகுடேஸ்வரன் ஆறு மாதக் குழந்தை சைஸ் என்று எழுதிக்கொண்டார். சார்ட்டில் அத்தனையும் பச்சை. கம்பெனியில் சிவப்பாக இருந்தது முதலாளியின் கால் மட்டும்தான்.

அன்று முத்துப்பேச்சி தைரியத்தைக் கூட்டிக்கொண்டு பாடத்தையே மறுபடி எடுத்தாள். “சார், பாக்டீரியா சும்மா இருக்காது. அரை மணி நேரத்துக்கு ஒருக்கா ரெண்டாகும். டி செல்லு ஆரம்பிக்கும்போதே அது கோடிக்குப் போயிருக்கும்.”

“நம்மாளும் ரெண்டு ரெண்டா ஆகறான்னியே?”

“பாக்டீரியா முதல்லயே ஆரம்பிச்சாச்சு சார்.”

“முதல்ல ஆரம்பிச்சவனெல்லாம் முதல்ல முடிச்சதா நான் பாத்ததில்ல கண்ணு. கடைசி மூணு நாள்ல எத்தனை ஷிப்மெண்ட் நாம ஏத்தியிருக்கோம்! கேளு மகுடேச.”

“ஏத்தியிருக்கோமுங்க” என்றார் மகுடேஸ்வரன். ஆனால் அவர் பார்வை சார்ட்டில் இல்லை, காலில் இருந்தது.

துணி ரோல்கள் அடுக்கிய இடத்தில் சித்ராதேவி முத்துப்பேச்சியின் கையைப் பிடித்துக்கொண்டார். “கண்ணு, என்ர பேச்சு ஏறாது. டாக்டர ஊட்டுக்கே கூட்டியாந்தேன், கேட்டுக்கு வெளியவே நிக்க வெச்சுப்போட்டாரு. அந்தப் புள்ள சொல்லட்டும், போறேங்கறாரு. எதுக்குப் போகோணும்னு காரணத்தோட சொல்லோணுமாம். நீதான் சாமி சொல்லோணும்.”

“சொன்னேம்மா. கேக்கல.”

“அவரு கேக்கற மாதிரி சொல்லலாமில்ல? உன்ற மனசுல என்னமோ ஒண்ணு இருக்குது. அவரு காலப் பாத்தா ஒடனே மொகத்தத் திருப்பிக்கற. நான் பாத்துட்டேன்.”

முத்துப்பேச்சி கையை உருவிக்கொண்டு போய்விட்டாள்.

சாப்பாட்டு நேரத்தில் ஊரிலிருந்து அம்மா போன் செய்தாள். செவ்வாய்க்கிழமையிலிருந்து தினம் அந்தக் காலைப் பற்றித்தான் பேச்சு.

“சொல்லிட்டியாட்டி?”

“இல்ல.”

“இன்னைக்கி எத்தன நாளு?”

“நாலு.”

“நான் ஒன்னிய ஒரு நாளாவது கொற சொல்லியிருக்கனா? ஊர்ல ஒரு ஆளுக்குத் தெரியுமா? நீயா வாயப் பூட்டிக்கிட்டு அலையுத. சரி, பூட்டுனது பூட்டியே கெடக்கட்டும். அந்த மனுசனுக்கு மட்டும் ஒரு தடவ தொறந்துரு.”

“எல்லார் முன்னாடியும் எப்படிம்மா?”

“அந்த அம்மா கால்ல எத்தனாவது கோடு போட்டிருக்கு?”

“மூணாவது.”

“அப்ப யோசிச்சுக்கிட்டே இரு” என்று சொல்லி அம்மா போனை வைத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை சாமியப்பனை இரண்டு பேர் தாங்கிக் கொண்டுவந்தார்கள். குரங்குக் குல்லாய், ஸ்வெட்டர், அதற்கு மேல் ஒரு போர்வை. வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. வேட்டியை ஒதுக்கிக் காட்டினார். காலிலிருந்து ஒரு சிவப்புக் கோடு, மார்க்கரில் போட்டது இல்லை, தோலுக்கு அடியில் தானாக வந்தது, முழங்காலைத் தாண்டி மேலே ஏறியிருந்தது.

“ரோடு போட்டாச்சு பாத்தியா!” என்றார். பல் கிட்டியது. “பையிங் ஆபீஸுக்கு நேரா ரோடு. மகுடேசு, அளந்தியா?”

மகுடேஸ்வரன் டேப்பை எடுத்தார். காலை அளந்தார். அளவு அட்டையைப் பார்த்தார். திரும்பவும் அளந்தார். அந்தக் கம்பெனி தைத்ததிலேயே பெரிய அளவு ஒன்றரை வயசு.

“சைஸ் இல்லீங்க” என்றார். அவர் குரல் ஒரு மாதிரி இருந்தது. “நம்ம சார்ட்டுல இதுக்குச் சைஸ் இல்லீங்க.”

“அதனாலென்ன? இன்னைக்குப் பல்க். எல்லாத்தையும் நிறுத்து. அத்தனை பேரையும் கூப்புடு. மைக்க எடுத்துட்டு வா. அந்தப் புள்ள சொல்லட்டும், ஜனங்க கேக்கட்டும்.”

ஆயுத பூஜைக்கு வாங்கிய மைக் வந்தது. மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. இருநூறு பேர் வந்து சுற்றி நின்றார்கள். நடுவே பிளாஸ்டிக் நாற்காலியில் முதலாளி, குழந்தை உடுப்பு மூட்டையின் மேல் காலை நீட்டியபடி. பின்வரிசையில் பிகார் ஆட்கள் என்ன விஷயம் என்று கேட்டார்கள். மகுடேஸ்வரனுக்குத் தெரிந்த இந்தி கொஞ்சம்தான். “டி செல் ஆயேகா” என்றார், டி செல் வரும் என்ற அர்த்தத்தில். அவர்கள் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு வாசலைப் பார்த்தார்கள்.

முத்துப்பேச்சி கையில் மைக்கைக் கொடுத்தார்கள். அது ஒரு தடவை கீச்சிட்டது. மணி பத்தரை. ஊசி குத்தித் தொண்ணூற்றேழு மணி நேரம், ஐந்தாவது நாள். இன்னும் கால் மணியில் டீ பெல் அடிக்கும் என்பது அவளுக்குத் தெரியும். பேசாமல் நின்றால் போதும், பெல் அடித்துவிடும்; எல்லோரும் போய்விடுவார்கள்; நாற்காலியும் பலகையும் அப்படியே இருக்கும்.

சித்ராதேவி அவளைப் பார்க்கவில்லை. மார்க்கர் பேனாவை மூடியும் திறந்தும் கையில் வைத்திருந்தார். கோடு போட இனிக் காலில் இடம் இல்லை.

“சொல்லு கண்ணு” என்றார் சாமியப்பன். “பல்க் ஓடுதா?”

“ஓடும் சார்” என்றாள். அவள் குரல் நான்கு மூலையிலிருந்தும் திரும்பி வந்து அவளையே பயமுறுத்தியது. “நான் சொன்னது எதுவும் தப்பில்ல சார். டி செல்லு வரும். சொன்ன நாள்ல வரும்.”

“கேட்டுக்குங்க!” என்றார் சாமியப்பன் கூட்டத்தைப் பார்த்து.

“ஆனா அது வரும்போது ஆள் இருக்கணும் சார்.”

“நான் எங்க கண்ணு போகப் போறேன்?”

ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். மகுடேஸ்வரன் சிரிக்கவில்லை. எழுந்து போய், டீ பெல் அடிக்கிற சுவிட்சின் மேல் கையை வைத்து மூடிக்கொண்டு நின்றார்.

“எதுக்கு இப்படிச் சொல்ற?” சாமியப்பனுக்கு மூச்சு வாங்கியது. “காரணம் சொல்லு. காரணம் இல்லாம நான் எதையும் மாத்தறதில்ல.”

முத்துப்பேச்சி முதல்தடவையாக நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

“எங்கப்பாவுக்குக் கால்ல முள்ளு குத்திச்சு சார். இதே மாதிரிதான் வீங்குச்சு. நான் அப்பம் பிளஸ் டூ. பயாலஜில நூத்துக்கு நூறு. ஆசுபத்திரிக்குச் சட்டையப் போட்டுக் கெளம்புனவுகள நான்தான் உக்கார வச்சு, டி செல்லு கதைய, உங்ககிட்ட சொன்னேன்ல, அதே மாதிரி ஒரு எழுத்து விடாம சொன்னேன். எம் பிள்ள சொன்னா சரியாத்தான் இருக்கும்னு சட்டையக் கழட்டிப் போட்டுட்டுக் காத்துக்கிட்டு இருந்தாக சார். அஞ்சாம் நாளு செத்துப் போனாக.”